அரைக்கவா, இடிக்கவா, நறுக்கவா? முந்நூறு வெள்ளிக்கு எதை வாங்குவது

அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம். இப்போதுதான் தனியாக வீடு கிடைத்திருக்கிறது. பழைய மலிவு விலை வீடு, 650 சதுர அடி. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியில் நின்றுதான் பேச வேண்டும். போன வாரம் எங்கள் வீட்டில் பசியாறிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "சின்னம்மா, கையில முந்நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கு. ஃபுட் புராசஸர் வாங்கவா, பிளண்டர் வாங்கவா? இல்ல, பாட்டியோட அம்மியத் தூக்கிட்டு வந்துடவா?"

"என்ன சமைப்பே?" என்றேன்.

"எல்லாந்தான்."

அந்த 'எல்லாந்தான்' தான் சிக்கல். கடைக்குப் போனால் பெட்டி மேல் படம் போட்டிருக்கும்: கேரட், வெங்காயம், ஐஸ் கட்டி, மாவு உருண்டை, ஆரஞ்சு ஜூஸ். எல்லாம் ஒரே மெஷினில் முடியும் என்பது போல. வாங்கி வந்து ஒரு மாதம் ஓட்டினால்தான் தெரியும், அதில் நம் வீட்டுக்கு வேண்டிய வேலை ஒன்றையும் அது ஒழுங்காகச் செய்யாது என்று. என் வீட்டு மேலடுக்கில் அப்படி இரண்டு பெட்டி தூங்குகின்றன. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் அடுப்படியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் இருக்கிறது. மிளகாயை அரைக்கிறோம். மிளகை இடிக்கிறோம். இஞ்சியைத் தட்டுகிறோம், பூண்டை நசுக்குகிறோம், வெங்காயத்தை அரிகிறோம், தேங்காயைத் துருவுகிறோம். உளுந்தை ஆட்டுகிறோம், பருப்பைக் கடைகிறோம், சப்பாத்தி மாவைப் பிசைகிறோம். எங்கள் பாட்டியிடம் போய் "மிளகாயை இடிச்சுட்டேன்" என்றால், "அரைக்கச் சொன்னா இடிச்சு வெச்சிருக்கியே" என்று திட்டு விழும். இரண்டும் வேறு என்பது அந்தக் காலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஷின் வாங்கப் போகிறவர் முதலில் இந்தச் சொற்களில் எது தன் வீட்டில் தினம் நடக்கிறது, எது வாரம் ஒரு தடவை, எது தீபாவளிக்கு மட்டும் என்று பார்த்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் இந்த மெஷின்களும் அப்படித்தான் பிறந்தன, ஒன்று ஒரு வேலைக்கு.

பிளண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, பால் கலந்த மால்ட் பானம் கலக்கத்தான் அதைச் செய்தார். அதாவது அது பிறவியிலேயே தண்ணீர் சாமான். ஜாடி உயரமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். கத்தி சுற்றும்போது நடுவில் ஒரு சுழி உண்டாகி, மேலே இருப்பதைக் கீழே இழுக்கும். சுழி உண்டாக வேண்டுமென்றால் உள்ளே இருப்பது ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் கத்தியைச் சுற்றிக் காற்றுதான் நிற்கும். மேலே இருக்கும் சாமான் அசையாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாணமான புதிதில் நான் பிளண்டரில் உளுந்து வடைக்கு அரைத்தேன். வடை மாவு கெட்டியாக இருக்க வேண்டுமே என்று தண்ணீர் விடவில்லை. முதலில் 'ங்ர்ர்' என்றது. கரண்டிக் காம்பால் தள்ளிவிட்டேன். மறுபடி 'ங்ர்ர்'. மூன்றாவது தடவை சத்தமே மாறிப் போய், மீன் கருகின மாதிரி ஒரு வாடை வந்தது. அடியில் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. கடைசியில் அரை கப் தண்ணீர் விட்டு அரைத்தேன். மாவு ஓடியது, வடைக்குப் பதிலாக அன்று எல்லாரும் ஒரு மாதிரி அப்பம் சாப்பிட்டோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அதற்காகப் பிளண்டர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. காய்ந்த மிளகாயைச் சுடுநீரில் ஊறவைத்து, விதையை உதிர்த்துவிட்டு அரைத்தால் அரைமணி வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். குருமாவுக்குத் தேங்காயும் கசகசாவும் தண்ணீரோடு அரைக்க, தக்காளி அரைக்க, மாம்பழ ஜூஸ் அடிக்க அதற்கு ஈடு கிடையாது. நம் ஊரில் சம்பாலுக்கும் ரெண்டாங்குக்கும் செராய் (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (அரத்தை), புவா கெராஸ் (ஒரு வகைக் கொட்டை) எல்லாம் சேர்த்து அரைப்போமே, அதற்கு இரண்டு விஷயம். செராயை முதலில் குறுக்கே மெல்லிசாக அரிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நார் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அப்புறம், தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெயை விட்டு அரையுங்கள். எப்படியும் அதை எண்ணெயில்தானே வதக்கப் போகிறோம். தண்ணீர் விட்டு அரைத்த மசாலா சட்டியில் வதங்காது, முதலில் வேகும். அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் நமக்குப் பொறுமை வற்றிவிடும்.

இன்னொன்று, சூடான சூப்பை மூடி போட்டு பிளண்டரில் ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு முகத்துக்கு வரும். ஆறவைத்து, பாதி ஜாடி மட்டும் ஊற்றி, மூடியின் நடுக் குப்பியை எடுத்துவிட்டு ஓட்டலாம்.

எங்கள் பக்கம் சாதாரண பிளண்டர் எண்பது வெள்ளியிலிருந்து நூற்றைம்பது வரை பார்த்திருக்கிறேன். கூடவே பொடி அரைக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று கொடுப்பார்கள். கைப்பிடி சீரகம், மிளகு பொடிக்கலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இப்போது அவள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், மிக்சி. 'ஃபுட் புராசஸரா, பிளண்டரா' என்று கேட்கும் நம்மவர்கள் இதை ஏன் மறக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. வெளிநாட்டு மெஷின் நம் மசாலாவைத் தாங்காமல் பழுதாகிக்கொண்டிருந்த காலத்தில், 1960களில் இந்தியாவில் சுமீத் மிக்சி வந்தது. காய்ந்த மஞ்சளும் உளுந்தும் தேங்காயும் அரைக்கவென்றே யோசித்துச் செய்த மெஷின். ஜாடி எவர்சில்வர். அகலம் கூட, உயரம் குறைவு. கத்தி ஜாடியின் அடியை உரசுகிற மாதிரி தாழ்ந்து இருக்கும், அதனால் கொஞ்சம் தண்ணீரிலேயே அரைபடும். சட்னி ஜாடியில் நாலு பல் பூண்டும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டால்கூட அரைத்துக் கொடுக்கும். பிளண்டரில் அவ்வளவு கொஞ்சம் போட்டால் கத்திக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

குறையும் உண்டு. முதலாவது சத்தம். எங்கள் வரிசை வீடுகளில் சுவர் மெல்லிசு. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் தேங்காய்ச் சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இருமுவது கேட்கும். இரண்டாவது சூடு. இட்லி மாவை ஒரேயடியாக ஓட்டினால் மாவு வெதுவெதுப்பாகிவிடும், உளுந்து பொங்காது. ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரைக்க வேண்டும். அரிசிக்கு உளுந்து நாலுக்கு ஒன்று என்று கல்லில் ஆட்டுகிறவர்கள், மிக்சியில் மூன்றுக்கு ஒன்று போட்டால்தான் அதே மென்மை வரும் என்பது என் கணக்கு. மூன்றாவது, ஜாடிக்கு அடியில் பல் வைத்த கறுப்பு ரப்பர் ஒன்று இருக்கும், கப்ளர் என்பார்கள். அது தேயும். தேய்ந்துவிட்டால் மோட்டார் ஓடும், கத்தி ஓடாது. நிறைய பேர் மெஷினே போய்விட்டது என்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சில வெள்ளி சாமான்தான் அது.

நாலாவதாக ஒன்று, இது குறை இல்லை, காவல். பாரம் அதிகமானால் மிக்சி தானாக நின்றுவிடும். மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஜாடியில் பாதியை எடுத்துவிட்டு, அந்தப் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். பட்டன் இல்லாத மெஷினாக இருந்தால் என் பழைய பிளண்டர் போன வழிதான்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் அங்கேயே வாங்கி வந்துவிடலாமே என்று நினைப்பதுண்டு. மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே வோல்ட், ஒரே 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு. அங்கே உருண்டைக் கால், இங்கே சதுரக் கால். அதற்காக நம் வீடுகளில் செய்கிற ஒரு வேலை இருக்கிறதே, மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்துகொண்டு உருண்டைக் காலைச் சொருகுவது, அதை மட்டும் செய்யாதீர்கள். மிக்சி எவர்சில்வர் ஜாடி, ஈரக் கை. எர்த் இல்லாமல் ஓட்டுகிற சாமான் இல்லை அது. தெரிந்த ஆளிடம் கொடுத்துப் பிளக்கை மாற்றுங்கள். ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காது, ஜாடி உடைந்தால் அதே மாடலுக்கு அலைய வேண்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலோ சிரிம் என்கிற தரச் சான்று ஒட்டுவில்லை ஒட்டின மிக்சியையே வாங்கிக்கொள்வது நிம்மதி. இருநூற்றைம்பது வெள்ளியிலிருந்து நானூறு வரை இருக்கும்; சலுகைக் காலத்தில் குறையும்.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட் என்பது மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது, எவ்வளவு நன்றாக அரைக்கும் என்பது இல்லை. ஆயிரம் வாட் என்று போட்ட பிளண்டர் நான் உளுந்து போட்டபோது நின்றிருக்கும். 550 வாட் மிக்சி அரைத்துத் தள்ளும். ஜாடியின் வடிவமும் கத்தியின் இடமும்தான் வேலை செய்கின்றன. கரண்ட் பில் பயமும் வேண்டாம். 600 வாட் மெஷின் ஐந்து நிமிடம் ஓடினால் 0.05 யூனிட். ஒரு காசு, இரண்டு காசு சமாசாரம்.

சரி, ஃபுட் புராசஸருக்கு வருவோம். பிரான்ஸில் பியேர் வெர்டன் என்பவர் உணவகச் சமையலறைகளுக்காகச் செய்த மெஷின் அது. 1970களின் தொடக்கத்தில்தான் வீட்டுக்கு வந்தது. 1973இல் அமெரிக்காவில் குவிசினார்ட் என்ற பெயரில் அறிமுகமானது. அதன் கிண்ணம் அகலம், கத்தி 'எஸ்' வடிவம், சுற்றும் வேகம் பிளண்டரைவிட வெகுவாகக் குறைவு. அதனால் அது அரைக்காது, கொத்தும். மேலே தட்டு மாற்றினால் சீவும், துருவும். நிறைய வெண்ணெயும் கேரட்டும் சீஸும் கையாளுகிற வீட்டில் அது ராஜா. நம் வீட்டில்?

சட்னி போட்டால் திப்பி திப்பியாக வரும். குருமா மசாலா வாயில் நறநறக்கும். மிளகாய் அரைக்கவே அரைக்காது, தோல் சுருள் சுருளாக மிதக்கும். இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அதை யாரும் அரைக்கச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை. மசால் வடை. கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, புராசஸரில் போட்டு விட்டு விட்டு ஏழெட்டுத் தடவை பட்டனைத் தட்டுங்கள். பாதி அரைந்து, பாதி ஒன்றிரண்டாக, அங்கங்கே முழுப் பருப்பும் தெரிகிற மாதிரி ஒரு பதம் வரும். மிக்சியில் இதே வேலையைச் செய்தால் அடியில் களி, மேலே முழுப் பருப்பு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை போடுகிற ஓர் அக்கா, ஒரு நாளைக்கு நாலு கிலோ பருப்பு போடுகிறவர், புராசஸர் வாங்கின பிறகு தோள்வலித் தைலம் வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்றார். சப்பாத்தி மாவும் அதில் ஒரு நிமிடத்துக்குள் உருண்டு வந்துவிடும். கோழிக் கட்லெட்டுக்கு இறைச்சி கொத்தவும் அதுதான்.

வெங்காயத்துக்கு? இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானம். பத்துக் கிலோ வெங்காயம். வழக்கமாகப் பெண்கள் எல்லாரும் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பலகை, கத்தி, ஊர்க்கதை என்று அரிந்து முடிப்போம். அந்த வருஷம் நான் பெரிய மனுஷி மாதிரி, "எதுக்கு இந்தப் பாடு, என் மெஷினைக் கொண்டு வரேன்" என்றேன். கொண்டு போய், தட்டை மாட்டாமல், கத்தியிலேயே போட்டு, அவசரத்தில் தொடர்ந்து ஓட்டிவிட்டேன். வெளியே வந்தது வெங்காயம் இல்லை, வெங்காயக் கஞ்சி. கடாயில் போட்டதும் பொன்னிறமாவதற்குப் பதில் தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் கிளறியும் பச்சை வாடை போகவில்லை. வெங்காயத்தைக் கூர்மையான கத்தியால் அரிந்தால் கொஞ்சம் செல்தான் உடையும். இப்படிக் கொத்தினால் எல்லாம் உடைந்து தண்ணீரும் காரமும் வெளியே வந்துவிடும். தலைமைச் சமையல்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "தங்கச்சி, அடுத்த வருஷம் கதை மட்டும் கொண்டு வாங்க போதும்" என்றார்.

சீவுகிற தட்டை மாட்டிப் போட்டிருந்தால் ஒரு மாதிரி நன்றாகவே வந்திருக்கும். அது பிற்பாடு தெரிந்தது.

புராசஸரின் மற்றொரு கணக்கைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கிண்ணம், மூடி, தள்ளுகிற கட்டை, கத்தி, நடுக்கம்பு, இரண்டு தட்டு: ஏழு சாமான் கழுவ வேண்டும். இரண்டு கேரட் துருவ முப்பது வினாடி, கழுவ எட்டு நிமிடம். ஆறு பேருக்குக் குறைவாகச் சமைக்கிற வீட்டில் அந்த மெஷின் இறங்கவே இறங்காது. பெட்டியின் அகலத்தைப் பார்த்துவிட்டு அக்கா மகளின் அடுப்படி மேடையை நினைத்துப் பார்த்தேன். கேஸ் அடுப்பைத் தரையில் வைத்தால்தான் இதற்கு இடம் கிடைக்கும்.

இனி அம்மி. எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாய்க்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் இப்போது செம்பனை. பாட்டி காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். பாட்டி வாழ்ந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு வரிசைக்கு ஓர் ஆட்டுக்கல். வெளியில், குழாயடிக்குப் பக்கத்தில் கிடக்கும். அம்மி மட்டும் வீட்டுக்கு ஒன்று. தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம் சில மணி நேரம்தான் ஓடும் என்பதால் மெஷின் பேச்சுக்கே இடமில்லை. பெரட்டுக்குப் (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால் வெட்டி, பால் எடுத்து, கொட்டி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மிளகாய் அரைப்பார். கை எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவார். "அம்மியில் அரைத்த ருசி வருமா" என்று கேட்கிற ஆண்கள் எத்தனை பேர் அம்மிக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அந்த அம்மி இப்போது அக்கா வீட்டுப் பின்கட்டில், பூந்தொட்டிக்கு முட்டாக இருக்கிறது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கல் வழவழத்துப் போயிருக்கிறது. கொத்தி விட்டால்தான் பிடிக்கும், கொத்துகிற ஆளை நான் எங்கள் பக்கம் பார்த்து வருஷக்கணக்காகிறது. அடுக்குமாடியிலோ மேடை வைத்த அடுப்படியிலோ தரையில் உட்கார்ந்து அரைக்க இடமும் இல்லை. ஆகவே அம்மி வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியது. அவளுக்கு அம்மி வேண்டுமென்று இல்லை, பாட்டி ஞாபகமாக ஏதாவது வேண்டும்.

அதற்கு வேறு வழி உண்டு: சின்ன இடிகல்லு. மலாய்க்காரர்கள் லெசுங் பத்து என்பார்களே, அதே. இதை மட்டும் நான் எந்த மெஷினுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரணம் ஒரு சம்பாலில் இருக்கிறது. பத்துச் சிவப்பு மிளகாய், கட்டைவிரல் நகம் அளவு சுட்ட பெலாச்சான் (புளித்த இறால் கட்டி), உப்பு. பிளண்டரில் போட்டு அரையுங்கள். நிறம் ரோஜா மாதிரி வெளிறி, மேலே நுரை நிற்கும். கத்தி காற்றையும் சேர்த்து அடித்துவிடுகிறது. இப்போது இடிகல்லில் போடுங்கள். முதலில் உப்பும் மிளகாயும். நேராகக் குத்தினால் கண்ணில் தெறிக்கும், அதனால் குழவியைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக அழுத்தி இழுக்க வேண்டும். உப்பு மணலாக நின்று தோலைக் கிழிக்கும். மூன்று நிமிடத்தில் தோல் சின்னச் சின்னச் செதிலாகும், விதை மட்டும் உடையாமல் மஞ்சளாகத் தெரியும். அப்புறம் பெலாச்சான். கல்லின் ஓரத்தில் ஒரு பளபளப்பு ஏறும், வாசனை மூக்குக்கு வருவதற்கு முன் எச்சில் ஊறிவிடும். ஒரு லீமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சையை) பிழிந்தால் முடிந்தது. நிறம் இரத்தச் சிவப்பு. கத்தி வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் நாக்குக்கு அது போதும். ரசத்துக்கு மிளகும் சீரகமும் பூண்டும் தட்டுவதற்கும் இதேதான். மிக்சி ஜாடியை எடுத்து, கழுவி, துடைத்து வைக்கும் நேரத்தில் ரசமே இறக்கிவிடலாம்.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். சிமெண்ட் வார்த்துக் கல் மாதிரி விற்பதும் உண்டு. ஈர விரலால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் கரைந்து வந்தால் விட்டுவிடுங்கள். நல்ல கருங்கல்லும் முதலில் மணல் விடும். ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு இடித்துக் கொட்டுங்கள். பொடி வெள்ளையாக வரும் வரை மூன்று நாலு தடவை. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க அடியில் மடித்த ஈரத் துணி. நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும், பேரன் காலம் வரை இருக்கும்.

கத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நல்ல கத்தியும், நழுவாத பலகையும், வாரம் ஒரு தடவை தீட்டுகிற பழக்கமும் இருந்தால் புராசஸரின் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பருப்புக்கு மத்து.

நாம் மறந்துவிடுகிற இன்னொரு பக்கம் இருக்கிறது. நம் நாட்டில் பாதி வேலையைப் பசாரே செய்து கொடுத்துவிடுகிறது. தேங்காயைக் கண் எதிரே துருவித் தருகிறார்கள், சாந்தான் (தேங்காய்ப்பால்) வேண்டுமென்றால் பிழிந்தே தருகிறார்கள். அரைத்த மிளகாய் கிலோக் கணக்கில் கிடைக்கும். சில பசார்களில் கறி மசாலாவை ஈரமாக அரைத்து, மீனா கோழியா என்று கேட்டு, உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். கறித்தூளுக்கு பாபாஸ் பாக்கெட் இருக்கிறது. சொந்தப் பக்குவம் வேண்டும் என்பவர்கள் வறுத்துக்கொண்டு போய் மில்லில் கொடுக்கலாம். தீபாவளிக்கு நெய் உருண்டைக்காக மூன்று கிலோ பச்சைப் பயறு திரிக்கவும் மில்தான். வீட்டு மிக்சியைப் போட்டு வாட்டாதீர்கள். தேங்காய் துருவுவதற்காகவே புராசஸர் வாங்க நினைக்கிறவர்கள் இதை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

இட்லி தோசை வாரத்தில் நாலு நாள் என்றால் கதை வேறு. கல் வைத்த வெட் கிரைண்டர்தான் சரி. கோயம்புத்தூருக்கு அதற்காகவே புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். உளுந்து சூடேறாமல் பந்து மாதிரி பொங்கும். நம் ஊர் வெக்கையில் இரவு வைத்த மாவு விடிவதற்குள் புளித்துவிடும் என்பதால் மாவே சூடாக இல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் அது பத்துக் கிலோவுக்கு மேல் கனம், தனி மேடை வேண்டும், முந்நூறு வெள்ளிக்குள் அடங்காது. புதுக் குடித்தனத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோசை என்றால் மிக்சி சமாளிக்கும், பாக்கெட் மாவும் இருக்கவே இருக்கிறது.

ஆக, அவளுக்கு நான் சொன்னது இது. ரெண்டே பேர், தினமும் சட்னியும் குழம்பும் என்றால் மிக்சி. மூன்று ஜாடி உள்ளது. அதோடு இடிகல்லு. பிளண்டர் வேண்டாம், மிக்சியின் பெரிய ஜாடியிலேயே ஜூஸ் அடிக்கலாம், ஐஸ் கட்டி மட்டும் கையால் உடைத்துப் போட வேண்டும். காலையில் ரொட்டியும் ஜூஸும், மத்தியானம் கடையில், இரவு மட்டும் ஒரு கறி என்கிற வீடாக இருந்தால் என் பதில் மாறும்: எண்பது வெள்ளிப் பிளண்டரும் அதே இடிகல்லும் போதும், மிச்சக் காசைப் பத்திரமாக வையுங்கள். புராசஸர், கேக் செய்து விற்கிறவர்களுக்கும் வடை போடுகிறவர்களுக்கும் கைவலி உள்ளவர்களுக்கும். கடைசியில் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். எங்கள் மாமியாருக்கு விரல் மூட்டு வீங்கின பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை. என் மேலடுக்கில் தூங்கிக்கொண்டிருந்த புராசஸரை அவர் வீட்டுக்குக் கொண்டு போய் வைத்தேன். எட்டு நிமிடம் கழுவுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன சனிக்கிழமை கிள்ளானில் 249 வெள்ளிக்கு மிக்சி எடுத்தோம். திரும்பி வரும்போது பசார் மாலாமில் இடிகல்லு முப்பத்தெட்டு வெள்ளி சொன்னார்கள், முப்பத்தைந்துக்கு முடித்தாள். ஈர விரலால் தேய்த்துப் பார்த்தாள், நான் சொல்லாமலே.

நேற்று ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. பின்னால் அவள் வீட்டுக்காரர் எதையோ டார்ச் அடித்துத் தேடுகிற சத்தம்.

"சின்னம்மா, உளுந்து போட்டேன், நின்னு போச்சு. அந்தச் சிவப்புப் பட்டன் எங்க இருக்குன்னு சொன்னீங்க?"